மணி கேட்கிறவர்

1

இந்தக் கதை நான் தப்பாகப் பார்த்ததில் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் தமிழன், பல் வைத்தியன். மத்திய ஆசியாவில், ஓர் ஏரியோரம் இருக்கிற கரகோல் ஊரில் பதினெட்டு வருடமாகப் பல் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். என் அறை வேன் நிலையத்துக்கு எதிர் மாடியில். பல்லுக்குள் வைத்த மருந்து இறுகும்வரை எனக்கு வேலை கிடையாது. ஜன்னலில் நின்று கீழே வேடிக்கை பார்ப்பேன். கீழே டைம் கீப்பர் நுரிலா அக்காவின் கூண்டு. ஐம்பத்தொரு வயது, கணவர் இறந்து ஒன்பது வருடம், கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச். அதைப் பார்த்து அக்கா விரலைத் தூக்கினால்தான் எந்த வண்டியும் நகரும்.

பாலிக்சி ஊருக்குப் போகிற எட்டரை மணி வேனை ஓட்டுபவர் அசனாலி. மனைவியை இழந்தவர். தினமும் காலையில் கூண்டருகே வந்து, "மணி என்ன நுரிலா?" என்று கேட்பார். அவர் கையிலும் வாட்ச் உண்டு. எதிர்ச் சுவரில் தாம்பாள அகலத்துக்கு ஒரு கடிகாரம் வேறு.

கதை எழுதுகிறவனுக்கு இது போதாதா?

2

முதல் தொடக்கம்: "கையில் கடிகாரம் கட்டியவன் ஒரு பெண்ணிடம் மணி கேட்டால், அவன் உண்மையில் கேட்பது—"

(அடித்துவிட்டேன். எனக்கே கூச்சமாக இருந்தது.)

இரண்டாவது: "இசிக் குல் ஏரியின் மேல் காலை வெயில்—"

(ஏரியில் தொடங்காத கதை இந்த ஊரில் உண்டா?)

மூன்றாவது தேறியது. அதில் அசனாலி காதலில் தன்னை மறந்த மனிதர். ஒருநாள் கூண்டின் பக்கத்தில் சாத்தியிருந்த மாவு மூட்டைக்கு சலாம் வைத்தார். நான் கண்ணால் பார்த்தது. சாலையோரம் சிவப்புத் துணியை ஆட்டி நின்ற ஒரு பெண்ணை ஏற்றாமல் போய்விட்டார் என்று நிலையத்தில் பெரிய சண்டை; அதையும் சேர்த்தேன். 'பித்து' என்ற சொல்லை மூன்று இடத்தில் போட்டேன்.

[இங்கே ஒரு சின்ன விலகல். தமிழில் மணி பார்க்கிறோம், பெண் பார்க்கிறோம், வைத்தியமும் பார்க்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல். நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதில்தான் கோளாறு.]

3

ஜூன் மாதம் நுரிலா அக்காவே கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார். மருந்து இறுகும் நேரம். வாயில் பஞ்சு. எதிர்த்துப் பேச முடியாத வாசகர் எனக்கு இதற்குமுன் கிடைத்ததில்லை. எழுதியதை அவர்கள் மொழியில் சொல்லிச் சொல்லி வாசித்தேன்.

முதலில் உடம்பு குலுங்கச் சிரித்தார். மாவு மூட்டை வந்தபோது சிரிப்பு நின்றது. பஞ்சைத் துப்பினார்.

"இது நெசமாவே நடந்துச்சா டாக்டர்? மூட்டைக்கு சலாம் வெச்சானா?"

"நானே பாத்தேன் அக்கா."

"என்கிட்ட எப்போலேர்ந்து மணி கேக்குறான்?"

"பனி உருகுன நாள்லேர்ந்து."

"அந்தச் செவப்புத் துணிக்காரி எங்க நின்னாளாம்?"

"நடு ரோட்டுக்கே வந்துட்டாளாம்."

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இதுல காதலும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. கண்ணு டாக்டர், கண்ணு. அவனுக்குக் கண்ணு தெரியல. தெனமும் பதினாலு பேரை ஏத்தி நான் கையைத் தூக்கி அனுப்பிட்டிருக்கேன்!"

பிறகு வாசல்வரை போய்த் திரும்பினார். "இத்தனை நாளா மேலேர்ந்து பாத்தீங்களே, உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

நான் அவர் பல்லைப் பற்றி ஏதோ சொன்னேன்.

4

(இந்தப் பகுதியில் என் கற்பனை எதுவும் இல்லை. அன்று நான் கீழேயே நின்றிருந்தேன்.)

மறுநாள் எட்டரை வேன் நிறைந்திருந்தது. அசனாலி சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தார். "மணி என்ன நுரிலா?"

"எதிர்ச் சுவத்துல பாத்துச் சொல்லேன்."

"என்ன, காலையிலயே சட்டம் பேசுற?" சிரித்துக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பினார். கண்ணைச் சுருக்கினார். "எட்டு இருபத்தஞ்சு. போதுமா?"

"மணி சரிதான், அசனாலி. கடிகாரம்தான் அங்க இல்ல."

விடிந்ததும் அதைக் கழற்றிக் கூண்டுக்குள் வைத்திருந்தார் அக்கா. வேனுக்குள் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. மடியில் குழந்தையோடு இருந்த ஒருத்தி முதலில் இறங்கினாள். மற்றவர்களும் இறங்கினார்கள்.

"முப்பது வருஷமா இந்த ரோட்ட ஓட்டுறேன். கண்ணக் கட்டிட்டே ஓட்டுவேன்!"

"அப்படித்தான ஓட்டிட்டிருக்க!"

அவர் சாவியைத் தரையில் வீசினார். வீசிய இடத்தை அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. குனிந்து கையால் துழாவினார். அக்கா வெளியே வந்து எடுத்துக் கொடுத்தார். அசனாலி வாங்காமல் நடந்துவிட்டார்.

என் காதல் கதையைக் கிழித்தேனா? இல்லை. கிழித்ததாக எழுதலாமா என்று யோசித்தேன், அவ்வளவுதான்.

5

இரண்டு கண்ணிலும் புரை. தலைநகர் பிஷ்கெக்கில் ஒவ்வொன்றாக அறுவை செய்தார்கள். கோடை முழுதும் அசனாலி நிலையத்துப் பக்கமே வரவில்லை. எட்டரை வண்டியை இன்னொருவருக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிடலாம் என்று முதலாளி சொன்னபோது நுரிலா அக்கா, "அவன் வர்றவரைக்கும் மாத்தாள் ஓட்டட்டும். பேரை மாத்தினா நாளைலேர்ந்து நீங்களே வந்து வண்டி அனுப்புங்க" என்றாராம். தினமும் காலையில் நிலையத்து நேரப் பலகையில் 'எட்டரை, அசனாலி' என்றே எழுதினார். மாற்று ஓட்டுநர் முணுமுணுத்தார், பிறகு பழகிவிட்டார்.

நானும் அந்தப் பலகையைப் பார்த்தேன். இந்த முறை அதற்கு அர்த்தம் எதுவும் வைக்கவில்லை.

6

முடிவாக மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இருவரும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள் (அக்காவுக்குத் தெரிந்தால் என் பல்லைப் பிடுங்குவார்). ஒன்றில் அசனாலி கடைசிவரை அக்காவை மன்னிப்பதில்லை (எனக்கே மனசு வரவில்லை). மூன்றாவதில் ஏரிக்கரையில்—

எழுதிக்கொண்டிருக்கும்போதே கதவைத் தட்டாமல் அசனாலி உள்ளே வந்தார். செப்டம்பர், மதியச் சாப்பாட்டு நேரம். என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, உனக்கு இவ்வளவு வழுக்கையா? சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலையே அண்ணே."

"என்னைப் பத்திக் கதை எழுதினியாம்ல. படி."

படித்தேன். பித்து வந்த இடங்களில் தொண்டையைச் செருமிக் கடந்தேன். மாவு மூட்டையில் அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அத்தனை பேர் முன்னாடி மானத்த வாங்கினா. இன்னும் கோவம் தீரல. ஆனா இப்ப கீழ பலகையப் படிச்சேன். நானே படிச்சேன் தம்பி, ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு. தெனமும் அவ என் பேரைத்தான் எழுதிருக்கான்னு டீக்கடைக்காரன் சொல்றான்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இந்தக் கதை எப்படி முடியுது?"

"இன்னும் முடிக்கல அண்ணே."

"முடிக்காத. நான் போய் அவகிட்டப் பேசிட்டு வரேன்."

"என்ன பேசப் போறீங்க?"

"உனக்கெதுக்கு? நீ பல்லப் பாரு."

படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது, கைப்பிடியைத் தொடாமல், இரண்டிரண்டு படியாக. அதற்குள் அடுத்த நோயாளி வந்து வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். துளைக்கும் கருவியை நிறுத்தியபோதெல்லாம் கீழிருந்து குரல்கள் வந்தன: முதலில் சண்டை மாதிரி, அப்புறம் சண்டை இல்லாத மாதிரி. எழுந்து போய் எட்டிப் பார்க்கவில்லை. அசனாலி என்ன சொன்னார், அக்கா என்ன பதில் சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னைவிட நன்றாகவே எழுதுவீர்கள். எனக்கு அந்தப் பல்லை எப்படியாவது காப்பாற்ற வேண்டியிருந்தது, காப்பாற்றிவிட்டேன்.