முகமூடி இல்லாத கிறிஸ்துமஸ் தாத்தா

போலீஸ் சார்ஜன் வீரமுத்து, வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் லாரிக்கு அனுமதி கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். கிறிஸ்துமஸ் தாத்தா வரலாம், ஆடலாம், மிட்டாய் வீசலாம். முகமூடி மட்டும் போடக்கூடாது.

"தாத்தான்னா முகமூடி இல்லாம எப்படி சார்?" என்று இசபெல் கேட்டாள்.

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? போன வாரம் பார்சல் கொண்டாந்த ஆளு ஹெல்மெட்டக் கழட்டலன்னு உங்க ரோந்துப் படை சுத்தி வளைச்சிருக்கு. அவரு மோட்டார் சைக்கிளப் போட்டுட்டு தோட்டத்துக்குள்ள ஓடிட்டாரு. நான்தான் போயி செம்பனைக்கு நடுவுல தேடிக் கூட்டியாந்தேன். இப்போ மூஞ்சிய மூடிக்கிட்டு ஒருத்தர் கேட்டத் தட்டினா, தாத்தாவுக்கு நான் ஆம்புலன்ஸ்தான் கூப்பிடணும்லா."

சார்ஜன் சொன்னதில் தப்பே இல்லை. ஆனாலும் இசபெல் உடனே தலையாட்டவில்லை. முகமூடியைக் கழற்றினால் உள்ளே யார் முகம் இருக்கும் என்பது அவளுக்கும் அவள் கணவன் ஆம்புரோஸுக்கும் மட்டும்தான் தெரியும்.

மந்தின் பட்டணத்தைத் தாண்டி உள்ளே போனால் வரும் அந்தக் குடியிருப்புக்கு அரசாங்கம் வேறு ஏதோ அழகான பெயர் வைத்திருக்கிறது. அதை யார் சொல்கிறார்கள்! தோட்டத் தொழிலாளர் லயங்களை இடித்துவிட்டு வரிசை வீடுகள் கட்டிய பிறகும் அது 'ரெண்டாம் டிவிஷன்'தான். தீபாவளி முடிந்த வாரத்தில், பட்டப்பகலில், முகத்தை மூடிய மூன்று பேர் அங்கே ஒரு காரில் வந்து இறங்கினார்கள். இசபெலின் பின்பக்கத்து வீட்டுப் பூரணம் தனியாக இருந்தார். அவரைக் கீழே தள்ளி, பாராங் கத்தியின் பிடியால் மணிக்கட்டில் அடித்து, தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போனார்கள். அலறல் கேட்டு இசபெல் கையில் இருந்த அகப்பையோடு வேலியேறிக் குதித்து ஓடினாள். அதற்குள் கார் போய்விட்டது. பூரணத்தின் கை துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஊர் விழித்துக்கொண்டது. ரோந்துப் படை கிளம்பியது, ஆளுக்கொரு விசில் வாங்கினார்கள். வாட்ஸ்அப் குழுவில் நிமிஷத்துக்கு ஒரு கறுப்புக் கார் வந்து போனது. செம்பனைக் குலை ஏற்றும் ஆம்புரோஸின் லாரியையே இரண்டு தடவை சந்தேகப்பட்டு நிறுத்தினார்கள். இத்தனைக்கும் ரோந்துக்குத் தலைவனே அவன்தான்.

தமிழ்ப் பத்திரிகையிலிருந்து ரோகினி என்ற நிருபர் வந்தாள். மறுநாள் முதல் பக்கத்தில் 'அச்சத்தில் உறைந்த தோட்டம்' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். அவ்வளவுதான், ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற குரலில் போன் போட்டார்கள். மத்தியானச் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் மெயின் ரோட்டோடு நின்றுகொண்டார்கள். போலீஸ் சும்மா இருக்கவில்லை. அந்த மூன்று பேரையும் செண்டாயான் பக்கம் ஒரு வாடகை வீட்டில் வளைத்துப் பிடித்தது. அந்தச் செய்தி ராசிபலனுக்குக் கீழே நாலு வரியில் வந்தது. அதை யார் படித்தார்கள்?

பூரணம் படித்தார். படித்தும் அவர் வீட்டுக் கேட் திறக்கவில்லை. திருடனைப் பிடித்தாயிற்று, பயத்தை எந்த ஸ்டேஷனில் பிடித்து வைப்பது? கேட்டில் மூன்று பூட்டு. சாவிக்கொத்து எப்போதும் அவர் இடுப்பில். கணவர் மகாலிங்கம் கடைக்குப் போவதென்றால்கூட, அவர் சந்து முனை திரும்பும் வரை ஜன்னலில் நின்று பார்ப்பார். கோயிலுக்கு வருவதில்லை. சாயங்காலத் தேநீருக்கு இசபெல் வீட்டுக்கு வருவதும் நின்றுபோனது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் வீடு வாங்குகிற ஆள் பார்க்க வருவதாகவும், நீலாயில் இருக்கும் மகன் ஜெயந்தனோடு அடுக்குமாடிக்குப் போய்விடப் போவதாகவும் ஜன்னல் வழியாகத்தான் சொன்னார். இசபெல் அன்றைக்குச் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். அம்மை போட்ட பிள்ளைகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். பூரணம் இல்லாத ரெண்டாம் டிவிஷனில் தனக்கு என்ன வேலை என்று அவளுக்குத் தோன்றியது.

மகாலிங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாட்டனார் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு வந்த குடும்பம். அவரும் சிரம்பானில் நில அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டை, அளந்த பேச்சு. சிரிப்பதற்குக்கூட மேலதிகாரியிடம் அனுமதி வாங்குவாரோ என்று தெருவில் கேலி செய்வார்கள். அந்த மனுஷர்தான் வருஷா வருஷம் முகமூடிக்குள் புகுந்துகொண்டு, வயிற்றில் தலையணை கட்டி, இடுப்பை வெட்டி வெட்டி ஆடுகிற கிறிஸ்துமஸ் தாத்தா! அதற்கு முன் தாத்தாவாக ஆடிய ஆம்புரோஸுக்கு முழங்கால் கெட்டுப்போனது; அந்த வருஷம் மகாலிங்கம் தானாகவே பின்வேலிப் பக்கம் வந்து, "ஆள் கிடைக்காட்டி நான் பாக்கிறன்" என்று மெல்லச் சொன்னார். அன்று தொடங்கியது. மனைவியிடம் கோயில் கமிட்டி மீட்டிங் என்று சொல்லிவிட்டு வருவார். கேரல் வருகிற அதே நாளில் கோயிலுக்கு என்ன மீட்டிங் என்று பூரணம் ஒருநாளும் கேட்டதில்லை.

இசபெல் வேலியோரம் நின்று சார்ஜனின் நிபந்தனையைச் சொன்னாள். மகாலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த முறை நான் வரேல்ல, இசபெல். அவவைத் தனிய விட்டிட்டு வர ஏலாது. இந்த முகத்தோட ஆடவும் ஏலாது."

"அண்ணே, அக்கா பாத்தா சிரிப்பாங்க. சிரிச்சா நல்லதுதானே?"

"சிரிப்பாவோ, செருப்பை எடுப்பாவோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் இசபெல் சார்ஜனையே தாத்தாவாக ஆடக் கூப்பிட்டாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "யூனிபார்ம் போட்டவன் ஆடக்கூடாதுக்கா. ஆனா லாரிக்கு முன்னால போறேன். சைரன் போடணும்னா போடுறேன்" என்றார்.

ஆக, அந்த வருஷம் கேரல் லாரி தாத்தா இல்லாமலேயே கிளம்பியது. ஆம்புரோஸ் இரண்டு நாள் கழுவியும் லாரியில் செம்பனை வாடை போகவில்லை. கலர் விளக்கு, கித்தார், கிலுகிலுக்கும் தம்பூரின், பின்னால் பாடகர் கூட்டம். முன்னால் போலீஸ் கார் நீல விளக்கு மின்ன ஊர்ந்தது. பிள்ளைகளுக்கு அது தாத்தாவைவிடப் பிடித்துப்போனது. பத்திரிகைக்காரி ரோகினியும் வந்திருந்தாள். 'போலீஸ் காவலில் கேரல்' என்று தலைப்புகூட யோசித்து வைத்திருந்தாளாம். முதல் சில வீடுகளில் ஜன்னலைத்தான் திறந்தார்கள். போலீஸ் காரைப் பார்த்ததும் கேட்டையும் திறந்தார்கள். தாத்தா எங்கே என்று எல்லா வீட்டிலும் கேட்டார்கள். "லீவு" என்று இசபெல் சொன்னாள்.

பூரணம் வீட்டின் முன்னால் லாரி நின்றது. கேட்டில் மூன்று பூட்டும் பளபளத்தன. இசபெல் பூரணத்துக்குப் பிடித்த பாட்டை எடுத்தாள். முதல் சரணம் முடிந்ததும் ஹாலில் எரிந்த விளக்கு அணைந்தது. இரண்டாவது சரணத்திலும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. போதும், அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்று அவள் கை காட்டப் போனாள்.

அப்போது வாசல் கதவு திறந்தது. சிவப்பு உடுப்பு, வயிற்றில் தலையணை, கையில் மணி. முகமூடி இல்லை, தாடிகூட இல்லை. மூக்குக் கண்ணாடியோடு சாட்சாத் மகாலிங்கம்.

பிள்ளைகள் கேட்டுக்குக் கிட்டே ஓடினார்கள். அவர் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு இடுப்பை வெட்டினார். அந்த வெட்டைப் பார்த்ததும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. "அட, இவரா அது!" என்று கூட்டம் கத்தியது. தம்பூரின் வெறி பிடித்ததுபோல் குலுங்கியது. சார்ஜன் வீரமுத்து தன்னையறியாமல் சைரனைப் போட்டுவிட்டார்.

சைரன் சத்தத்துக்குப் பூரணம் ஓடி வந்தார்.

"இஞ்சாருங்கோ! என்ன கூத்து இது? ஆர்ர உடுப்பு இது?"

"என்ர உடுப்புத்தான்" என்றார் மகாலிங்கம் ஆடிக்கொண்டே. "பழைய சூட்கேசுக்குள்ள வச்சிருந்தனான்."

"எப்ப தொடக்கம்?"

"கோயில் மீட்டிங் தொடங்கின நாள் தொடக்கம்."

பூரணம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன்னோடு ஒரு நாள்கூடச் சத்தமாகச் சிரிக்காத மனுஷர், மூச்சு வாங்க, வியர்வை வழிய, பூட்டிய கேட்டுக்குள் கரடி மாதிரி ஆடுகிறார். முதலில் பூரணத்தின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று இசபெல் பயந்தாள். அழுகை இல்லை, சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாசற்படியில் சரிந்து உட்கார்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! இசபெல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தாத்தா, வெளிய வாங்க!" என்று பிள்ளைகள் கேட்டை உலுக்கினார்கள்.

மகாலிங்கம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். சாவி கேட்கவில்லை. "நீ வேண்டாம் எண்டால் நான் இதுக்குள்ளயே ஆடுறன், பூரணம்" என்றார்.

சிரிப்பு நின்றது. பூரணம் தெருவைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், இசபெலைப் பார்த்தார். எழுந்து வந்தார். முதல் பூட்டைத் திறந்தார். இரண்டாவதையும் திறந்தார். மூன்றாவதில் முறிந்து சேர்ந்த மணிக்கட்டு வலித்தது, சாவி திரும்பவில்லை. கம்பிக்கு நடுவே சாவியை நீட்டினார்.

"இந்தா, நீ திற. உனக்கும் இது முந்தியே தெரியும் என்ன? உன்னைப் பிறகு பாக்கிறன்."

"பாருங்கக்கா, நல்லாப் பாருங்க. தெனமும் வந்து பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இசபெல் மூன்றாவது பூட்டைத் திறந்தாள்.

அதற்குப் பிறகு லாரி ஒழுங்காகப் போகவில்லை. தாத்தா முன்னால் ஆட, பிள்ளைகள் பின்னால் ஆட, ஒவ்வொரு வீட்டிலும் கேட்டைத் திறந்துகொண்டு ஜனம் ரோட்டுக்கு வந்தது. பூரணம் இசபெலின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். இந்த மனுஷர் இன்னும் எந்தெந்த வீட்டு வாசலில் என்னென்ன ஆட்டம் ஆடியிருக்கிறார் என்று தெரிய வேண்டுமாம். வாசலுக்கு வாசல் சாட்சி கிடைத்தது. ஒரு வருஷம் தலையணை அவிழ்ந்து விழுந்ததைக் கடைசி வீட்டு மாரியம்மா நடித்தே காட்டினாள். ரோகினி போனை உயர்த்திப் படம் பிடித்தாள். தலைப்பு யோசிக்க அவளுக்கு நேரமில்லை, அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அது அப்போதே பத்திரிகையின் பேஸ்புக்கில் போய்விட்டது போலும். மாரியம்மா வீட்டு வாசலில் நிற்கும்போது பூரணத்தின் கைப்பேசி அடித்தது. நீலாயிலிருந்து ஜெயந்தன். கூச்சலில் காது கேட்கவில்லை என்று பூரணம் ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா! அப்பாவுக்கு என்ன நடந்தது? வீட்டு நம்பருக்கு அடிச்சு அடிச்சுப் பாக்கிறன், ஏன் எடுக்கேல்ல?"

"நான் வீட்டில இல்லையடா. ரோட்டில நிக்கிறன்."

"ரோட்டிலயா? இந்த நேரத்திலயா? தனியாவா?"

பூரணம் சுற்றிலும் பார்த்தார். தோளில் இசபெலின் கை. அந்தப் பக்கம் மாரியம்மா பலகாரத் தட்டோடு நின்றாள். நடுரோட்டில் சிவப்பு உடுப்புக்காரர் சார்ஜனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார், யூனிபார்ம் போட்டவரும் கடைசியில் ஒரு காலைத் தூக்கிவிட்டார்.

"தனியா இருந்ததெல்லாம் வீட்டுக்குள்ளதான், ராசா" என்றார் பூரணம். "வீடு பாக்க வாற ஆளை வர வேண்டாம் எண்டு சொல்லு. சரி, வை. உன்ர அப்பா ஆடுறதை நான் இன்னும் முழுசாப் பாக்கேல்ல."