சுவருக்குள் போன பேச்சு

மாடி அறையின் ஜன்னலோரச் சுவர் முதன்முதலாகப் பேசியது ஒரு வெயில் நாளின் முற்பகலில். அது சொன்னது "தண்ணி" என்ற ஒரே சொல். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா கைவேலையை விடாமல், "இதோ தர்றேண்டி" என்றாள். டம்ளரோடு அவள் திரும்பியபோது மகள் வாயை மூடிக்கொண்டு, ஜன்னல் கட்டையில் கன்னத்தை வைத்து நின்றிருந்தாள். சுவர் மறுபடியும் கேட்டது, அதே மழலையில், கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து. அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. சில நாட்களாகவே மகள் தண்ணீரை வாய்விட்டுக் கேட்கவில்லை. குடத்துக்கு முன்னால் போய் நின்று கையைத்தான் நீட்டுகிறாள்.

மூன்று வயதுக்காரியான அவளுக்கு வீட்டில் வாயாடி என்று பேர். குழாயிடம் பேசுவாள், செருப்பிடம் பேசுவாள், யாரும் கிடைக்காவிட்டால் தன் கட்டைவிரலிடம் பேசுவாள். அவளுடைய அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பாதி கடலில்தான். அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கப் போனாள். வீடு அம்மாவின் அண்ணனுடையது. கீழே அவர் தனியாக இருந்தார், தெருமுனையில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். தங்கை கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தபோது, ஆள் வைக்காமல் தானே ஏணி போட்டு ஏறி, தன் அப்பா காலத்திலிருந்து கடைக் கிடங்கில் கிடந்த பச்சைப் பெயிண்டைச் சுவருக்கும் ஜன்னலுக்கும் பூசினார். "இந்தப் பளபளப்பு இப்ப வர்ற சரக்குல ஏது?" என்று ஏணியிலிருந்தே கேட்டார். அதில் காரீயம் இருப்பதும், அந்தச் சரக்கை விற்கக் கூடாதென்று எப்போதோ தடை வந்ததும் அவருக்குத் தெரியும். விற்கத்தானே கூடாது, சொந்த வீட்டுக்குப் பூசினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டார். ஜன்னலைத் திறந்து மூடும்போதெல்லாம் கதவு சட்டத்தில் உரசிப் பச்சை மாவாக உதிர்ந்தது. அந்த மாவு இனிக்கும். வாயாடி அதை விரலால் தொட்டுத் தொட்டு நக்கினாள்.

தண்ணிக்குப் பிறகு "காக்கா" போயிற்று, அப்புறம் "செருப்பு", அப்புறம் "எனக்குத்தான்". மகளின் வாயைவிட்டுப் போன சொல் இரண்டொரு நாளில் சுவரில் கேட்டது. தெருவில் யாரும் இதற்காக வேலையைப் போட்டுவிட்டு ஓடிவரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உங்க சுவத்துக்கு நல்ல குரல்" என்று சொல்லிப் போனாள். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் தன் பூச்சின் தரத்துக்கு அந்தச் சுவரையே சாட்சிக்கு இழுத்தார். அம்மாவோ மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் சோற்றைத் தள்ளினாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள், நன்றாக நடந்த படிக்கட்டில் இடறினாள். கடைசியில் அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். டாக்டர் விரல்நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார், பிறகு இன்னொரு முறை கையிலிருந்து எடுத்தார். ரத்தத்தில் காரீயம், வீட்டுப் பெயிண்டிலிருந்து ஏறியிருக்கும் என்றார். இப்படி ஒரு குழந்தை வந்தால் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், அது சட்டம் என்றும் சொன்னார்.

அங்கிருந்து ஒரு பெண் ஆய்வாளர் வந்தார். நரை ஓடிய தலை, சத்தமில்லாத செருப்பு. காரீயத்தை அளக்க, முடி உலர்த்தும் கருவியைப் போல ஒன்றைச் சுவரில் வைத்து அழுத்தியதும், "ஊசி வேணாம்" என்றது சுவர். ஆய்வாளர் கையை எடுக்கவில்லை. போன மாதம் வேறொரு தெருவில் ஒரு கதவு பாட்டுப் பாடியதென்றும், விதிகளில் அதற்கென்று தனியாக எதுவும் சொல்லவில்லை என்றும் சொன்னார். கருவி காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் திரும்பினார். பெயிண்டை முழுக்க எடுக்க வேண்டும், பயிற்சி பெற்ற ஆட்கள்தான் எடுக்க வேண்டும், செலவு வீட்டுக்காரருடையது, அதுவரை குழந்தை இங்கே இருக்கக் கூடாது.

"எனக்குத் தெரிஞ்ச சட்டமெல்லாம் ஜன்னல் சட்டந்தாம்மா" என்று அண்ணன் சிரிக்கப் பார்த்தார்.

"அந்தச் சட்டத்தையும்தான் கழட்டணும் சார். தூசு அங்கிருந்துதான் கொட்டுது."

அண்ணனின் முகம் கறுத்துவிட்டது. "என் தங்கச்சி பிள்ளைக்கு நானே விஷம் வெச்சேன்னு சொல்றீங்களா?" என்று கத்தினார். ஆய்வாளர் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தார். சுவர்தான் "கத்தாத" என்றது.

அண்ணன் சட்டத்தோடு மல்லுக்கு நிற்காமல் குறுக்குவழி தேடினார். மறுநாளே புதுப் பெயிண்ட் எடுத்து வந்து பச்சையின் மேல் வெள்ளை அடித்தார். மேலே மூடினால் போதாது, குழந்தை இங்கே இருக்கக் கூடாது என்று ஆய்வாளர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவருக்குத் தொண்டை கட்டினாற்போல ஆயிற்று, ஆனால் பேச்சு நிற்கவில்லை. ஜன்னல் கதவு உரசியது. வெள்ளைக்கு அடியிலிருந்து பச்சை உதிர்ந்தது. அந்த வாரத்தில் ஒரு மாலை அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, வெள்ளைக்குப் பின்னாலிருந்து கம்மிய குரல் "மாமா" என்று கூப்பிட்டது. அவர் சட்டென்று திரும்பினார். வாயாடி வாசற்படியில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், வழி கேட்க வந்தவள் வாய்திறக்கத் தயங்குவதைப் போல. "மாமாடி... மாமா சொல்லு" என்றார். அவள் உதட்டைக் குவித்தாள், எதுவும் வரவில்லை. அவர் அங்கேயே உட்கார்ந்து, பெயிண்ட் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மறுநாள் காலை, கடையைத் திறக்காமல், சுகாதார அலுவலகத்தின் வாசலில் போய் நின்றார்.

இப்போது வழிமறித்தது அம்மா. ஆட்கள் பிளாஸ்டிக் விரிப்பைப் பிரித்தபோது சுவரை மறித்து நின்றுகொண்டாள். சுரண்டியதையெல்லாம் மூட்டை கட்டி, ஊருக்கு வெளியே அதற்கென்றே தோண்டிய குழியில் புதைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

"அதுல என் பொண்ணோட பேச்சு இருக்கும்மா" என்றாள் ஆய்வாளரிடம்.

"தெரியும்மா. அந்தப் பேச்சுல காரீயம் இருக்கு."

"பேச்சை மட்டும் தனியாப் பிரிச்சுத் தர முடியாதா? நான் வில்லை தேய்க்கிறவ. எவ்வளவு பொடியா இருந்தாலும் சலிச்சு எடுத்துடுவேன்."

"முடியும்னா அதைத்தான் முதல்ல சட்டமா எழுதியிருப்போம். வெச்சுக்கிட்டா மிச்சம் இருக்கிற பேச்சும் உள்ள போயிடும். 'அம்மா' இன்னும் சொல்றாளா?"

அம்மா மகளைப் பார்த்தாள். நேற்றுக் காலைக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்ட ஞாபகம் இல்லை. சுவரிலும் இன்னும் கேட்கவில்லை. நடுவில் எங்கேயோ நின்றது அது. அவள் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

எதிர்ப்பக்கத்து வாடகை அறையிலிருந்து அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். முகமூடி போட்ட ஆட்கள் சுவரை நனைத்து நனைத்துச் சுரண்டினார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு சொல் விழுந்தது. சுவர் பேசினால் பதில் கொடுக்கக் கூடாதென்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் தலைகுனிந்து வேலை செய்தார்கள். மூட்டைகளை வாய் இறுக்கி நாடா ஒட்டி வண்டியில் ஏற்றியபோது, உள்ளிருந்து பள்ளிக்கூடம் விட்ட நேரத்தைப் போலச் சத்தம் தெருவில் கேட்டது. அண்ணன் வண்டிக்குப் பின்னால் தெருமுனை வரை வெறுங்காலோடு நடந்தார். பிறகு கிடங்கைத் திறந்து, மிச்சமிருந்த பழைய டப்பாக்களையும் தானே எடுத்து அந்த ஆட்களிடம் கொடுத்தார்.

தரையையும் ஜன்னல் கட்டையையும் ஈரத்துணியால் துடைத்துச் சோதித்து, சுத்தம் என்று ஆன பிறகே அவர்களை உள்ளே விட்டார்கள். அறை ஊமையாக இருந்தது. போனதெல்லாம் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது என டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். வாயாடி மெல்லத்தான் பேசினாள், பழைய சொற்களில் பாதி கிடைக்கவில்லை, கிடைக்காத இடத்தில் தானாகச் சிலவற்றைச் செய்துகொண்டாள். மாமாவை "ஏணி" என்று கூப்பிட்டாள், அவர் "என்னம்மா?" என்று திரும்பப் பழகிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் அவள் கடைசி வரிசையில், எழுத்துக்களோடு மல்லாடினாள். "அம்மா" ஒரு வருஷம் கழித்து, சாப்பிடும்போது சாதாரணமாக வந்தது. அம்மா அன்று எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டே வெகுநேரம் குழாயடியில் நின்றாள்.

மகளுக்கு ஒன்பது வயதானபோது, விடுமுறைக்கு அவளும் அம்மாவும் பேருந்தில் போனார்கள். ஊர் எல்லையில், சுரண்டிய மூட்டைகளைப் புதைத்துக் கம்பிவேலி போட்ட மேட்டு நிலத்தின் ஓரம் பேருந்து நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் புல் முளைத்திருந்தது, அதற்கடியில் பல குழந்தைகள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பயணிகள் மழைச் சத்தத்தைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவற்றில் ஒரு குரல் மற்றதையெல்லாம் அமுக்கிக்கொண்டு ஓயாமல் பேசியது.

"யாரும்மா அது? மூச்சு விடாம பேசுது."

"நம்ம வீட்டுல இருந்த பொண்ணுதான்" என்றாள் அம்மா.

மகள் காதைக் கொடுத்துக் கேட்டாள். "பாவம், யாருமே பதில் சொல்றதில்ல போல" என்றாள். பிறகு தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, தான் ஊருக்குப் போவதாகவும், திரும்பி வரும்போது மாமா பஸ் ஸ்டாண்டுக்கு வருவார் என்றும், வழியில் பசித்தால் சாப்பிடப் பழம் இருப்பதாகவும், தட்டுத்தடுமாறி ஒவ்வொன்றாகச் சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கம் அந்த ஒரு குரல் மட்டும் பேச்சை நிறுத்திக் கேட்டது. பேருந்து அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நின்றது. ஏன் கிளம்பவில்லை என்று ஓட்டுநரை யாரும் கேட்கவில்லை.