பெரிசின் மூக்கில் ஐந்து பரு

பார்சல் கிடங்கில் பதினோரு வருஷமாக ஒரு பெட்டியைக்கூட வழிமாற்றி அனுப்பாதவர் என்று அவருக்குப் பெயர். வீட்டுக்கு ஒரே அச்சில் இரண்டு பெண் குழந்தைகள் வந்த அன்றைக்கே அந்தக் கெத்து ஆட்டம் கண்டுவிட்டது. முதலில் பிறந்தது பெரிசு, நாலு நிமிஷம் கழித்துப் பிறந்தது சின்னது. எது எதுவென்று கேட்டால் மனுஷனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

"கால்ல ஒரு லேபிள் ஒட்டிடலாமா?" என்று கேட்டதற்கு மனைவி பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "பிள்ளைங்களா, பார்சலா? பெத்தவங்களுக்குத் தெரியாதா எது எதுன்னு?"

நல்லவேளை, பெரிசின் மூக்கில் ரவை ஒட்டினாற்போல் ஐந்து வெள்ளைப் பருக்கள் இருந்தன. சின்னதின் மூக்கு மழமழ. தூக்குவதற்கு முன் மூக்கை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "வாடி என் பெரிசு" என்பார். மனைவி பூரித்துப்போவாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்!

வினை மனைவியின் அக்கா ரூபத்தில் வந்தது. உதவிக்கு வந்தவள் முதல் வேலையாக அந்த மூக்கைக் குறிவைத்தாள். எண்ணெய் தேய்க்கலாம் என்றாள், க்ரீம் பூசலாம் என்றாள், கடைசியில் நகத்தையே நீட்டிக்கொண்டு வந்தாள். "ஒரு அமுக்கு, போயிடும் தம்பி."

"கை வெச்சீங்கன்னா தெரியும்!" அவர் போட்ட சத்தத்தில் குழந்தைகள் இரண்டும் வீறிட்டன. அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

பஞ்சாயத்து டாக்டரம்மாவிடம் போனது. "கிள்ளாதீங்க, அமுக்காதீங்க. எண்ணெயும் வேண்டாம், க்ரீமும் வேண்டாம். உதிர வேண்டிய தோல் உள்ளயே மாட்டிக்கிட்டிருக்கு, அவ்வளவுதான். வெதுவெதுப்பான தண்ணியில துடைச்சா போதும். சில வாரத்துல தானா போயிடும்."

"போகாம இருக்க என்ன பண்ணணும் டாக்டர்?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் மூக்கை எண்ணுவதுதான் வேலை. ஐந்து நாலானது, நாலு இரண்டானது, சனிக்கிழமை ஒன்றே ஒன்று பாக்கி. ஞாயிற்றுக்கிழமை அவர் எழுவதற்குள் அக்கா இரண்டையும் குளிப்பாட்டி, ஒரே துண்டில் கிடத்திவிட்டுத் தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அவர் குனிந்து பார்த்தார். இரண்டு மூக்கும் மழமழ.

கிடங்கில் எடுத்த பெயர் கிடக்கட்டும். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாத அப்பன் என்று ஆகிவிட்டதே, அதுதான் தாங்கவில்லை. மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். இனி மறைத்துப் பயனில்லை.

"மன்னிச்சிடும்மா. எது எதுன்னு எனக்குத் தெரியல. இத்தனை நாளா அந்தப் பருவைப் பார்த்துத்தான் சொல்லிட்டிருந்தேன்."

திட்டு விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால், அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்களுமா?" என்றாள்.

பிறகு அவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, இடப்பக்கம் கிடந்ததைத் தூக்கினாள்.

"இதுதான் பெரிசு. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. போய் அந்த லேபிளை எடுத்துட்டு வாங்க."

கீழே கிடந்தது வீல் என்று கத்தியது. பசிக்குத்தான் கத்தியதோ, பெரிசு பட்டம் பறிபோன ஆத்திரத்தில் கத்தியதோ, இருவரும் அதை விசாரிக்கப் போகவில்லை.