தெருவைக் கேட்ட ஸ்பானிஷ் வகுப்பு

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் மொழிப் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. போன வருடம் அங்கே ஸ்பானிஷ் ஆரம்ப வகுப்பில் சேர்ந்தேன். எனக்கு வயது ஐம்பத்து நான்கு. திருவிடைமருதூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். என் மகள் ஸ்பெயினில் வலென்சியாவுக்கு வேலைக்குப் போய், அங்கேயே ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். நம் பக்கத்து ஆட்கள் மாதிரி சம்பந்தியும் நெல் விவசாயிதான். வீடியோ காலில் அவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நடவு முடிந்ததா, தண்ணீர் வந்ததா என்று கேட்கவாவது தெரியட்டுமே என்றுதான் சேர்ந்தேன்.

அந்த வகுப்பை நினைத்தால் இன்னும் வாய் கசக்கிறது. யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதல் நாள் மேனேஜர் நடராசன் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு விதிகளைப் படித்தார். லேட்டாக வந்தால் உள்ளே விடமாட்டோம். போன் கூடாது. மாடிக் கதவைத் தாண்டிவிட்டால் தமிழ் கூடாது, சாப்பாட்டு நேரத்திலும் கூடாது. தண்ணீர் குடிக்கவோ, சீக்கிரம் கிளம்பவோ, எது வேண்டுமானாலும் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் ஸ்பானிஷில், காரணத்தோடு கேட்க வேண்டும். ஆளுக்கொரு ஜோடி. கடைசி வரை அதே ஜோடிதான், மாற்ற முடியாது. பரீட்சையும் ஜோடியாகத்தான். ஜோடி இல்லாதவருக்குப் பரீட்சை இல்லை.

"பேப்பர்ல உள்ளதுதான் சட்டம். யாருக்கும் சலுகை கெடையாது" என்றார்.

"பாத்ரூம் போகவும் காரணம் சொல்லணுமா சார்?" என்று கேட்டேன்.

"அதுக்கு மட்டும் மொகத்தப் பாத்தே புரிஞ்சுக்குறேன்" என்றார் வாத்தியார் இளஞ்செழியன். கப்பலில் வேலை பார்த்து, பெரு நாட்டில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். எல்லோரும் சிரித்தோம். நல்ல வகுப்பு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

எனக்கு ஜோடி சாஜிதா என்கிற நாகூர்ப் பெண். எங்களுக்கு முன் பெஞ்சில் பூவிழியும் ஈஸ்வரி அம்மாவும். பூவிழி திருப்பனந்தாள் பக்கம். விவசாயப் படிப்பு முடித்து ஒரு விதை கம்பெனியில் வேலை. ஸ்பெயினில் நெல் பற்றி மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. இந்த வகுப்பின் சான்றிதழைக் காட்டினால்தான் அந்த இடம் உறுதி. ஈஸ்வரி அம்மாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. மகன் மாட்ரிடில் இருக்கிறான், மருமகளுக்குப் பிரசவம் பார்க்கப் போக வேண்டும். "கடைக்குப் போயி பாலு, தயிரு வாங்கத் தெரிஞ்சா போதும்" என்பார்.

அந்த அம்மாவுக்குப் பூவிழி மேல் உயிர். உச்சரிப்பெல்லாம் அந்தப் பெண்தான் சொல்லிக்கொடுக்கும். சாப்பாட்டு நேரத்தில் விதியை மீறிக் குசுகுசுவென்று, "எடுத்துக்க கண்ணு, என்னமா எளச்சிருக்க" என்று தன் டப்பாவிலிருந்து அள்ளி வைப்பார். பூவிழி கொண்டுவரும் மாங்காய் ஊறுகாயை விரலால் வழித்து நக்குவார். நடுவில் மெதுவாக, "திருப்பனந்தாள்ல எந்தப் பக்கம் கண்ணு? மடத்துப் பக்கமா?" என்று கேட்பார். பூவிழி உதட்டில் விரலை வைத்து, சுவரில் ஒட்டியிருந்த 'தமிழ் கூடாது' விதியைக் காட்டிச் சிரிக்கும். அந்த விதியை அந்தப் பெண் மாதிரி வேறு யாரும் கடைப்பிடிக்கவில்லை. படிப்பில் அவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வீடு பற்றிய பாடம் வந்தது. எந்த ஊர், எந்தத் தெரு, வீட்டில் எத்தனை பேர், அப்பா என்ன வேலை என்று ஜோடியைக் கேட்க வேண்டும். முழு வாக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும், எதையும் விடக் கூடாது. ஒவ்வொரு ஜோடியாக எழுந்து நின்றோம்.

பூவிழி திருப்பனந்தாள் என்றது. பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்டே என்றும் சேர்த்துக்கொண்டது.

ஈஸ்வரி அம்மா விடவில்லை. "என் கே காயே?" என்றார். எந்தத் தெரு?

ஒரு மாதமாக 'உன் பெயர் என்ன' என்று கேட்கவே நாக்கு புரளாதவர். அந்தக் கேள்வியை மட்டும் ஒரு தடங்கல் இல்லாமல் கேட்டார். எல்லார் தலையும் அந்தப் பெண் பக்கம் திரும்பியது. எதற்குத் திரும்பியது என்று இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. ஏழு கடல் தாண்டிய பாஷையைப் படிக்க வந்து, அதில் நாம் முதலில் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது இதைத்தான்.

பூவிழி ஈஸ்வரி அம்மாவை நேராகப் பார்த்தது. பிறகு, "அம்பேத்கர் தெருவில் வசிக்கிறேன்" என்று முழு வாக்கியமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தது.

"முய் பியென்" என்றார் வாத்தியார். மிக நன்று என்று அர்த்தம்.

அன்று மதியம் பூவிழி ஊறுகாயை நீட்டியபோது ஈஸ்வரி அம்மா கையைக் கும்பிடுகிற மாதிரி வைத்து, "இன்னிக்கு வெரதம்" என்றார். கண்ணு என்று சொல்லவில்லை. நான் டீ குடிக்கக் கீழே இறங்கினால், பாத்திரக்கடை ஓரத்தில் நின்று மெதுவடையைச் சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். நான் டீ குடிக்காமலே மாடி ஏறிவிட்டேன்.

மறுநாள் நடராசன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட் சார். நீங்க பூவிழி கூட உக்காந்துக்குங்க. ஈஸ்வரி அம்மா சாஜிதா கூட உக்காந்துக்குவாங்க."

"ஏன்?"

"செட் ஆகலயாம்."

"நேத்து காலையில வரைக்கும் ஆச்சே. ஜோடிய மாத்த முடியாதுன்னு நீங்கதான சார் படிச்சீங்க?"

"படிக்கிறது வேற, நடத்துறது வேற சார். அந்தம்மா நாலு பேர இங்க சேத்துவிட்டவங்க. உங்களுக்குத் தெரியாததா? நம்மள மாதிரி ஆளுங்கதான் பாத்து நடந்துக்கணும்."

நம்மள மாதிரி என்றார். குஞ்சிதபாதம் என்கிற என் பெயரையும் நெற்றியில் இருந்த திருநீற்றையும் பார்த்து, அவராகவே என்னை அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டுவிட்டார். மேலெல்லாம் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. இதே மனிதர்தான், நான் சேர்ந்த அன்று மாப்பிள்ளை ஸ்பெயின்காரர் என்றதும் எழுந்து நின்று கை குலுக்கினார். மாப்பிள்ளை எந்தத் தெரு என்று இவரும் கேட்கவில்லை, என் சொந்தக்காரர்களும் கேட்கவில்லை.

சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை. முடியாது என்றால் கஷ்டம் அந்தப் பெண்ணுக்குத்தான். அதனால் படியில் நிறுத்திப் பூவிழியையே கேட்டேன்.

"மாத்த வேணாம் சார்" என்றது. "ஸ்கூல்ல நகரச் சொன்னாங்க, நகந்தேன். ஹாஸ்டல்ல ரூம மாத்துனாங்க, மாறுனேன். இங்க ரூல் இருக்குல்ல? அவங்க எந்திரிச்சு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி, காரணத்தோட கேக்கட்டும்."

"கோச்சுக்கிட்டு அவங்க வராமப் போயிட்டா பரீட்சை என்னாகும்மா?"

"அந்த பயம்தான் சார் எனக்கும்."

நான் முடியாது என்று நடராசனிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வகுப்பில் அவர் வந்து வாத்தியார் காதில் ஏதோ சொன்னார். வாத்தியார் தலையை ஆட்டவில்லை. "எது வேணும்னாலும் ஸ்பானிஷ்ல கேக்கணும், காரணத்தோட. அதான ரூல்?" என்றார்.

ஈஸ்வரி அம்மா எழுந்தார். ஜோடியை மாற்ற வேண்டும் என்பது வரை வந்தது. "போர்கே" என்றார். ஏனென்றால். அதற்கப்புறம் வரவில்லை. முகம் சிவந்து, கடைசியில் காதைத் தொட்டுக் காட்டி, தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றார்.

பூவிழி எழுந்து, "நான் சத்தமாகப் பேசுகிறேன் அம்மா" என்று ஸ்பானிஷில், நிஜமாகவே சத்தமாகச் சொன்னது. சாஜிதா சிரித்துவிட்டாள். வாத்தியார், "அப்ப பிரச்சன தீந்துச்சு, உக்காருங்க" என்றார்.

ஈஸ்வரி அம்மா அதற்குப் பிறகு வரவே இல்லை.

பரீட்சை அன்று பூவிழி தனியாக வந்து நின்றது. ஸ்பெயினிலிருந்து ஒரு அம்மா கம்ப்யூட்டர் திரையில் பரீட்சை வைத்தார். நானும் சாஜிதாவும் முடித்துவிட்டு வெளியே வந்தோம். வாசலில் நடராசன் பூவிழியை மறித்துக்கொண்டு நிற்கிறார்.

"பார்ட்னர் இல்லாம உக்கார முடியாதும்மா. ரூல். அடுத்த பேட்ச்ல பாத்துக்கலாம்."

"அடுத்த பேட்ச் வர்றதுக்குள்ள என் சீட் போயிரும் சார்."

"நான் என்ன பண்றது? பேப்பர்ல உள்ளதுதான் சட்டம்."

வடை தின்றவருக்காக வளையப் பார்த்த சட்டம், இந்தப் பெண்ணிடம் வந்ததும் இரும்பாகிவிட்டது. நான் பேசாமல் உள்ளே திரும்பிப் போய் அந்தத் திரைக்கு முன்னால் நின்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில், "பூவிழியோடு நான் பேச வேண்டும்" என்றேன். விதிப்படி காரணமும் சொன்னேன். "அவள் ஜோடி வரவில்லை. அந்த அம்மா தெரு கேட்டார். இவள் தெருவைச் சொன்னாள். அதனால் அவர் வரவில்லை."

திரையில் இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "தெருவா? தெருவுக்கு என்ன? ரொம்ப தூரமா? சத்தமான தெருவா?"

பின்னாலேயே உள்ளே வந்திருந்த நடராசன் ஃபேனைப் பார்த்தார். கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்த வாத்தியார் குனிந்துகொண்டார். பெரு வரைக்கும் போய் வந்தவருக்கும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

வாசலில் நின்றபடியே பூவிழி சொன்னது: "தெரு நல்ல தெரு. பெரிய புங்கமரம் இருக்கிறது. அந்த அம்மாவுக்குப் பிடிக்கவில்லை."

திரையில் இருந்தவருக்குப் புரிந்ததோ இல்லையோ, வந்து உட்காரச் சொன்னார். எனக்கு வந்த கேள்வி அட்டையில், ஜோடியின் வீட்டைப் பற்றிக் கேட்கவும் என்று போட்டிருந்தது. அந்தப் பழைய கேள்வி நாக்கு நுனியில் நின்றது. அதைத் தள்ளிவிட்டு, "உன் வீட்டிலிருந்து வயல் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். இப்போது நடவு முடிந்திருக்கிறது" என்று ஆரம்பித்து அது நிற்காமல் பேசியது.

பூவிழி தேறி, ஸ்பெயினுக்கும் போய்விட்டது. பரீட்சை அன்று கீழே இறங்கும்போது நடராசன் கூடவே வந்து, "வெளியாள்கிட்ட அதப் போய் சொல்லிட்டீங்களே சார். நம்ம ஊர் மானம் போச்சு" என்றார். "வாங்க, ஒரு டீ சாப்பிடலாம்" என்று கையைப் பிடித்தார். நான் கையை உருவிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

சான்றிதழ் வாங்க மறுபடியும் ஒருமுறை அங்கே போக வேண்டியிருந்தது. சுவரில் விதித்தாளைப் புதிதாக அடித்து ஒட்டியிருந்தார்கள். நிர்வாகம் நினைத்தால் ஜோடியை மாற்றலாம் என்று இருந்தது. அதற்குக் கீழே, தேர்வு வைப்பவரிடம் உள்ளூர் விஷயங்களைப் பேசக் கூடாது என்று தடித்த எழுத்தில் ஒரு விதி. உள்ளே புது பேட்சுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் சேர்ந்து, எந்தத் தெரு, எந்தத் தெரு என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்கள். உச்சரிப்பு ரொம்ப நன்றாக இருந்தது.