கோவாரிக் என்ற பெயரில்

மிஸ்டியின் பெயரை அடித்துவிட்டுக் காத்திருந்தேன். நீதிமன்றக் கட்டடத்தின் மாடியில், குமாஸ்தா அலுவலகத்தின் மூலையில், பொதுமக்களுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் போட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் வந்து யார் பெயரை வேண்டுமானாலும் தேடலாம், ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். நான் முதலில் கீழ்த்தளத்து ஜன்னலில் போய் நின்றேன். அங்கே வேகமாக வண்டி ஓட்டியது, நாயைக் கட்டாமல் விட்டது மாதிரிச் சில்லறை வழக்குகள்தானாம். பெரிய குற்றமெல்லாம் மாடியில் என்றார்கள். படி ஏறும்போது பெரிய குற்றம், பெரிய குற்றம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் ஏறினேன். பொய் சொல்வானேன், வாய்க்கு ருசியாக இருந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. அப்படி ஒருத்தர் பேரில் எந்தப் பதிவும் இல்லை என்று காட்டிவிட்டு மறுபடி பெயர் கேட்டது.

"பொறந்த தேதி சரியாப் போட்டியா டானெட்?" கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குமாஸ்தா வான்டா கேட்டாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள்.

சரியாகத்தான் போட்டிருந்தேன். அந்தத் தேதியை நான் மறக்கவே முடியாது. போன மார்ச்சில் அன்றைக்குத்தான் என் மகள் கிரெட்டா வாழ்க்கையில் முதல்முறையாக, மிஸ்டிக்காக, தன் கையால் கேக் செய்து, நாற்பது என்று மெழுகுவர்த்தி குத்தி, போட்டோ எடுத்துப் போட்டாள். எனக்கு நாற்பது ஆனபோது கடையில் வாங்கிய அட்டைதான் வந்தது. அதிலும் அவள் அப்பா லைல்தான் கிரெட்டா என்று எழுதியிருந்தான்.

"இப்ப இருக்கற பேருல தேடினா என்ன கிடைக்கும்?" என்றாள் வான்டா. "கல்யாணத்துக்கு முந்தின பேரைப் போடு. எந்தப் பேருல வழக்குப் போட்டாங்களோ அந்தப் பேருலயேதான் கிடக்கும். அப்புறம் இதுல நம்ம மாவட்டத்து வழக்கு மட்டும்தான் இருக்கும். அவ எங்க இருந்து வந்தாளோ அங்க போய்ப் பாரு."

"யாரைத் தேடறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"இங்க வர்றதுல பாதிப் பேரு வேலைக்கு ஆள் எடுக்கறவங்க. மீதிப் பேரு பழைய புருஷனோட புதுப் பொண்டாட்டியத் தேடறவங்க. நீ யாருக்கும் வேலை குடுக்கற மாதிரி தெரியலையே."

சிரிக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் ஒன்று. லைலுக்காக எனக்கு ஒரு துளி பொறாமையும் கிடையாது. அவனை அவளே வைத்துக்கொள்ளட்டும், குறட்டையோடு சேர்த்து. என் வயிறு எரிவதெல்லாம் கிரெட்டாவை நினைத்துத்தான். பதினைந்து வயசு. ஒரு வாரம் என்னிடம், ஒரு வாரம் அப்பாவிடம் என்று இருந்தவள், கோடை முடிந்ததும் அங்கேயே தங்கிப் படிக்கிறேன் என்று ஆரம்பித்தாள். லைல் மனு போட்டுவிட்டான். வரும் வியாழக்கிழமை நீதிபதி அவளைத் தனியே கூப்பிட்டு, யாருடன் இருக்க விருப்பம் என்று கேட்பார். அவள் என்ன சொல்வாள் என்பது எனக்குத் தெரியும். தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுவது என் வேலை. எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்தே பழகியவள். அந்த வீட்டில் என்ன இருக்கிறது, இங்கே என்ன இல்லை என்று யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரே வழிதான் தோன்றியது. மிஸ்டி எங்கேயாவது ஏதாவது செய்திருக்க வேண்டும். அவ்வளவு இனிமையாக ஒருத்தி சும்மா இருக்கமாட்டாள்.

அன்று சாயங்காலம் கறியும் பீன்ஸும் போட்டுக் காரமாகச் சில்லி சமைத்தேன், கூடவே இலவங்கப்பட்டை தூவிச் சுருட்டிய இனிப்பு ரொட்டி, பட்டை ரோலும். பள்ளிக்கூடச் சாப்பாட்டில் இரண்டையும் ஒன்றாகத் தின்று வளர்ந்த ஊர் இது. கிரெட்டாவுக்கு அது இருந்தால் போதும், வாயைத் திறப்பாள். அவள் ரோலைக் கிள்ளிச் சில்லியில் தோய்த்துக்கொண்டிருக்கும்போது, பாத்திரம் கழுவுகிற பாவனையில் முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டேன். கிடங்குக்குப் புதிதாக ஒரு டிரைவர் வருகிறான், மிஸ்டிக்குச் சொந்தமோ என்னவோ, அவள் பிறந்த வீட்டுப் பெயர் என்ன என்று. பின்னால் கரண்டிச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

"கோவாரிக்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, ஒவ்வோர் எழுத்தாகவும் சொன்னாள். "சலைன் பக்கம். அங்கதான் வளந்தா."

இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாளே அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அந்த மாவட்டத்து நீதிமன்றத்துக்குப் போனேன். அங்கேயும் அதே மாதிரி மாடி, அதே மாதிரி மூலை. பெயரை அடித்ததும் வந்தது. பாவனை எதுவும் இல்லாமல், எந்தக் கூச்சமும் இல்லாமல், வெள்ளைத் திரையில் கறுப்பாக. மருந்துக் கடையில் வேலை பார்த்தபோது வலி மாத்திரைகளைத் திருடினாள். பல மாதம். இருபத்திரண்டு வயசில் குற்றத்தை ஒப்புக்கொண்டாள், சிறைக்குப் போகாமல் கண்காணிப்பில் இருந்தாள். முத்திரை குத்திய நகல் வேண்டுமென்று கேட்டேன். முத்திரை இருந்தால்தான் நீதிபதி முன் நிற்கும் என்று குமாஸ்தா சொன்னாள். வண்டிக்கு வந்து நகல் இருந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கொடுத்துவைத்தவள் மாதிரி இருந்தது எனக்கு. ரேடியோவை வேறு சத்தமாக வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கிரெட்டாவை ஒப்படைக்கும் நாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள பண்ணைச் சாமான் கடையின் வண்டி நிறுத்தத்தில்தான் மாற்றிக்கொள்வோம். எந்த ஞாயிறு சாயங்காலம் போனாலும் எங்களைப் போல ஒன்றிரண்டு வண்டிகள் அங்கே நிற்கும், பைகள் இடம் மாறும். எப்போதும்போல முன்கூட்டியே போய்விட்டோம். கிரெட்டா கால்மேல் கால் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்தாள். என் வண்டியில் டாஷ்போர்டில் கால் வைக்கக் கூடாது. சனிக்கிழமை தோறும் நானே உட்கார்ந்து கண்ணாடி முதற்கொண்டு துடைப்பேன், அவளுக்கும் அது தெரியும். கதவுப் பெட்டியில் உறை இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, மிஸ்டியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லணும், அது உன் நல்லதுக்குத்தான் என்று ஆரம்பித்தேன்.

"மாத்திரை விஷயமா?"

உறையைக் கதவுப் பெட்டிக்குள் இன்னும் கீழே தள்ளினேன்.

"போன வருஷம் எனக்குக் கணுக்கால் ஆபரேஷன் ஆச்சுல்ல, அப்பவே சொன்னா," என்றாள் கிரெட்டா. "டாக்டர் குடுத்த பாட்டிலை என் கையில குடுக்காதே, அப்பாகிட்டக் குடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லு, எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியவே கூடாதுன்னா. ஏன்னு கேட்டேன். உக்காந்து எல்லாத்தையும் சொன்னா. கடை பேரு, அவளை மாட்டிவிட்டவங்க பேரு, அவங்க அம்மா அழுதது, எல்லாம்."

எனக்கு ஞாபகம் வந்தது. கிரெட்டா வீடு மாறும்போதெல்லாம் அந்த மாத்திரை பாட்டில் அவள் பையில் வராமல் லைலின் சாப்பாட்டுப் பெட்டியில்தான் வந்து போனது. இவனுக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பொறுப்பு என்று கிடங்கில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

"அப்ப அந்தப் பேரை நான் கேட்டப்ப..."

"உன் கிடங்குக்கு டிரைவரே வரலைன்னு தெரியும்மா."

"தெரிஞ்சுமா சொன்னே?"

"மிஸ்டி சொல்லி வச்சிருந்தா. உங்கம்மா என்னைக்காவது கேப்பாங்க, கேட்டா ஒளிக்காம சொல்லிடு, எழுத்து தப்பில்லாம சொல்லு, பாவம் அலையப்போறாங்கன்னு." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வேணும்னா ஜட்ஜ்கிட்டக் குடு. அவ ஒண்ணும் சொல்லமாட்டா. நானும் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

பாவம் என்றாளாம். அந்த ஒரு சொல் இருக்கிறதே, அதை என்னால் மெல்லவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை. அவள் திருடியது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள் என்பதுதான் தாங்கவில்லை. அந்தக் கதை ஓர் அம்மாவிடமிருந்து மகள் கேட்க வேண்டிய கதை. அப்படி ஒரு கதை என்னிடம் இல்லை. இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். என் வீட்டில் சில்லியும் பட்டை ரோலும் இருந்தன, நாங்கள் அதைச் சாப்பிட்டோம், அவ்வளவுதான்.

மிஸ்டியின் டிரக் வந்து எங்களுக்கு எதிரே நின்றது. கிரெட்டா பையை எடுத்துக்கொண்டு, குனிந்து என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். நிஜ முத்தம்தான், அதில் குறையில்லை. மிஸ்டி வழக்கம்போல எனக்குக் கையசைத்தாள். நானும் அசைத்தேன், மற்றக் கை உறைமேல் இருந்தது. குளிரில் அவள் வண்டியின் முன்கண்ணாடி உள்பக்கமாக ஆவி படிந்து வெளுத்துப்போய் இருந்தது. கிரெட்டா உட்காரும் பக்கத்தில் மட்டும் அந்த வெளுப்புக்குள் சின்னச் சின்ன வட்டங்களாக ஏதோ தெரிந்தது. கதவு மூடிக்கொண்டது. உள்ளே கிரெட்டா ஷூவைக் கழற்றிக் காலைத் தூக்கி டாஷ்போர்டில் வைத்தாள். கால் விரல்கள் கண்ணாடியில் அந்த வட்டங்களின் மேலேயே போய் உட்கார்ந்தன. மிஸ்டி ஏதோ சொல்ல இருவரும் சிரித்தார்கள்.

டிரக் நெடுஞ்சாலையில் ஏறி மறைந்த பிறகும் நான் எஞ்சினைப் போடவில்லை. உறையை எடுத்து, கிரெட்டா உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்தேன். வியாழக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. என் மூச்சுக்காற்றிலேயே முன்கண்ணாடி மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது, முதலில் என் பக்கம், பிறகு அவள் பக்கம். நான் எட்டிச் சாய்ந்து, அவள் பக்கத்துக் கண்ணாடியின் அடி ஓரம்வரை பார்த்தேன். ஒரு கால்விரல் தடம்கூட இல்லாமல், ஒரே சீராக, முழுக்க வெளுத்திருந்தது.