ஆறாவது வரி

ஜமக்காளத்தின் ஒரு முனையை வைத்தியும் மறுமுனையை அவர் மகள் ஜ்யோத்ஸ்னாவும் பிடித்துக்கொண்டு புல்லில் விரிக்கப்போன நேரத்தில்தான் முதல் விசில் கேட்டது. ஜனவரி மாதத்து மூடுபனி. விசில் அடித்த ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் முதலில் வந்தது, பிறகு ஒரு காக்கி ஸ்வெட்டர், பிறகு அதற்கு மேலே மஃப்ளர் சுற்றிய ஒரு தலை. கூடவே தடியோடு இன்னொரு ஆள். பூங்காவின் பெயர் எதற்கு, டெல்லியில் இப்படிப் பத்துப் பூங்காக்கள் இருக்கின்றன. நடுவில் யாருடையது என்று யாருக்கும் தெரியாத ஒரு சமாதி, சுற்றிலும் நடைப்பயிற்சிக்காரர்கள், அவர்களை விடச் சுறுசுறுப்பான காவலாளிகள்.

அவர்கள் உல்லாசத்துக்கு வந்தவர்கள் என்றும் சொல்ல முடியாது, சடங்குக்கு மட்டும் வந்தவர்கள் என்றும் சொல்ல முடியாது. இரண்டும் கலந்துதான் வந்திருந்தார்கள். அன்று கனு. பொங்கலுக்கு மறுநாள், விடிந்ததும், குளிப்பதற்கு முன்னாலேயே, கூடப் பிறந்தவன் நன்றாக இருக்க வேண்டும் என்று மஞ்சள் இலையில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று சோற்றை உருட்டி வைத்துக் காக்கை குருவிகளைக் கூப்பிட வேண்டும். கிட்வாய் நகரில் பழைய குவார்ட்டர்ஸ் இருந்த வரைக்கும் வைத்தியின் மனைவி ராஜலக்ஷ்மிக்கு இதில் ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. பின்பக்கம் கொய்யா மரம், மரம் நிறையப் பறவைகள். அதையெல்லாம் இடித்து அடுக்குமாடி கட்டி, இப்போது ஒன்பதாவது மாடி. பால்கனியில் புறா வராமலிருக்க வலை. மொட்டை மாடிக்குப் பூட்டு. போன வருடம் வலைக்கு உள்ளே வைத்த கனுப்பிடி சாயங்காலம் வரை அப்படியே காய்ந்து கிடந்தது. அந்த வருடம்தான் அவள் தம்பி வெங்கிக்கு முதல் தடவையாக மார்வலி வந்தது. ராஜலக்ஷ்மி இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசியதில்லை. ஆனால் இந்த வருடம் ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"ஏன்னா, இந்தத் தடவை வெளில போய் வெச்சுட்டு வந்துடலாம். அவனுக்கு மறுநாள் ஆபரேஷன். நம்மாத்துல எந்தக் காக்கா வரப்போறது?"

வெங்கி அவளுக்கு ஒரே தம்பி. அம்மா போன பிறகு ஆறு வயதிலிருந்து அவள் வளர்த்த பிள்ளை. திருச்சியில் பைபாஸ். அவள் உடனே கிளம்பத்தான் பார்த்தாள். வெங்கியின் மனைவி மாதுரிதான், "இப்போ வந்து என்ன பண்ணப் போறேள் அக்கா, ஆத்துக்கு வந்தப்பறம் பத்து நாள் இருக்கற மாதிரி வாங்கோ" என்று சொல்லிவிட்டாள். அது நியாயமாகவும் இருந்தது. ஆக இங்கிருந்து தம்பிக்கென்று அவள் செய்யக்கூடிய காரியம் இந்த ஒன்றுதான். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மஞ்சள் இலை தேடிப் பிடித்து, ஈரத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். வைத்தியும் கேஷுவல் லீவு போட்டார். கல்லூரி விடுமுறையில் இருந்த ஜ்யோத்ஸ்னா, இதுதான் சாக்கென்று ஃப்ளாஸ்கில் காபியையும் ஜமக்காளத்தையும் எடுத்துக்கொண்டாள்.

மஃப்ளர்காரர் வந்ததும் வராததுமாக, "பாய் விரிக்கக் கூடாது, எடுங்கள்" என்றார் ஹிந்தியில். புல் கெட்டுப்போகுமாம். தடிக்காரர் ஜமக்காளத்தின் ஓரத்தைத் தடியால் தூக்கியே பார்த்துவிட்டார்.

வைத்தி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மத்திய அரசின் ஒரு மந்திராலயத்தில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவர். வாழ்க்கையில் அவர் அதிகம் கேட்ட கேள்வி ஒன்றுதான், அதை இப்போதும் கேட்டார். "கஹாங் லிகா ஹை?" எங்கே எழுதியிருக்கிறது?

வாசலருகே பலகை இருக்கிறது என்றார் மஃப்ளர்காரர். வைத்தி நடந்தார். பின்னாலேயே இரண்டு காவலாளிகளும், வேடிக்கை பார்க்க நாலைந்து நடைப்பயிற்சிக்காரர்களும். பலகையில் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் ஒன்பது வரிகள். நாய், கிரிக்கெட், அடுப்பு, பூப்பறித்தல் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்து உரக்க வாசித்தார். ஆறாவது வரியையும் அவர்தான் வாசித்தார். வாசித்தது மனதில் ஏறவில்லை, ஏனென்றால் அவர் தேடியது ஜமக்காளத்தை. ஒன்பதாவது வரி முடிந்ததும் திரும்பி நின்று, ஃபைலில் எழுதுகிற சுத்தமான ஹிந்தியில், "பலகையில் இருப்பதுதான் விதி. இல்லாதது விதியில்லை. இருந்தால் நான் முதல் ஆளாகக் கீழ்ப்படிகிறேன்" என்றார். யாரோ ஒரு சர்தார்ஜி கைதட்டினார். மஃப்ளர்காரரின் முகம் சுருங்கிவிட்டது.

திரும்பி வரும்போது வைத்தியின் நடையில் ஒரு மிதப்பு இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆபீஸில் அவருக்குக் கைதட்டியவர்கள் கிடையாது. "வாவ் அப்பா, க்யா பாத் ஹை!" என்றாள் ஜ்யோத்ஸ்னா. அவருக்குக் காது வரைக்கும் சூடேறியது. ஜமக்காளம் விரிந்தது. ராஜலக்ஷ்மி இதில் எதிலும் கலந்துகொள்ளாமல், சற்றுத் தள்ளி ஒரு வேப்ப மரத்தடியில் தரையைத் துடைத்து இலையைப் போட்டுக்கொண்டிருந்தாள். குளிரில் விரல்கள் விறைத்திருந்தன. ஒவ்வொரு பிடியாக எடுத்து, உதடு அசைய வைத்தாள். மேலே கிளையில் இரண்டு காக்கைகள் வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததே, அதை வைத்தியும் பார்த்தார். பார்த்தார் என்பதுதான் பின்னால் அவரைப் படுத்தி எடுத்தது.

இரண்டாவது விசில் அப்போது கேட்டது.

மஃப்ளர்காரர் இந்த முறை அவசரப்படவில்லை. நிதானமாக வந்து, இலையைச் சுட்டிக்காட்டி, "ஆறாவது வரி, பாபுஜி. பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் தீனி போடக் கூடாது. நீங்களே வாசித்தீர்கள்" என்றார். கைதட்டிய சர்தார்ஜியும் மற்றவர்களும் இன்னும் போயிருக்கவில்லை. பலகையைச் சாட்சிக்குக் கூப்பிட்டவர் வைத்தி. அந்தச் சாட்சி இப்போது கட்சி மாறி நின்றது.

"எடுத்துடு ராஜி" என்றார்.

அவள் குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். "அஞ்சே நிமிஷம்னா. காக்கா வந்து உக்காந்தாச்சு."

"எழுதியிருக்கு. எல்லார் முன்னாடியும் நான் இப்பதான் சொன்னேன்."

"வெங்கிக்கு நாளைக்கு..."

"தெரியும். எடுத்துடு."

ஜ்யோத்ஸ்னாவுக்குப் பொறுக்கவில்லை. அவளுக்குத் தமிழில்தான் வார்த்தை திக்கும், ஹிந்தியில் மடை திறந்தது போல் பேசுவாள். "பையா, மாமாவுக்கு நாளைக்கு இதய ஆபரேஷன். இது அம்மா தன் தம்பிக்காகச் செய்வது. உங்கள் பாய் தூஜ் மாதிரிதான், பறவைகள் சாப்பிட்டால் தம்பி நன்றாக இருப்பான் என்று" என்று படபடவென்று சொல்லி முடித்தாள்.

மஃப்ளர்காரர் விசிலைக் கையிலிருந்து விட்டுவிட்டார், அது கயிற்றில் ஆடியது. ராஜலக்ஷ்மியைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். "தம்பிக்காகவா?" என்று கேட்டார். தனக்கும் ஊரில் அக்கா இருக்கிறாள், பாய் தூஜ் அன்று கூடப் பிறந்தவன் நெற்றியில் திலகம் வைக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டாள் என்றார். குரலே மாறிவிட்டது. "அம்மாஜி, எடுக்காதீர்கள். சமாதிக்குப் பின்னால் சுவரோரம் கொண்டுபோய் வையுங்கள். அங்கே கேமரா இல்லை. நாங்கள் இரண்டு பேரும் கேட் பக்கம் போய்விடுகிறோம். பத்து நிமிஷம்."

"ரக் தோ, திதி" என்றார் தடிக்காரரும், வையுங்கள் அக்கா என்று.

அங்கேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம் இது. விசில்காரனே விசிலைக் கீழே போட்ட பிறகு என்ன பாக்கி இருக்கிறது? ஆனால் வைத்திக்கு என்னவோ போலாகிவிட்டது. கால் மணி நேரத்துக்கு முன்னால் தான் பலகை முன் நிறுத்தி வாயை அடைத்த ஆளிடம் சலுகை வாங்குவதா? சுவருக்குப் பின்னால் ஒளிந்து சோறு வைப்பதா? சர்தார்ஜி வேறு பார்த்துக்கொண்டே நிற்கிறார். "நஹீங். ரூல் சப் கே லியே ஏக் ஹை" என்றார். ரூல் எல்லாருக்கும் ஒன்றுதான். சொல்லும்போது குரல் கம்பீரமாகத்தான் இருந்தது.

காவலாளிகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ராஜலக்ஷ்மி சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. மண்டியிட்டு, வைத்த பிடிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப டப்பாவில் எடுத்து வைத்தாள். விரல்களில் மஞ்சளும் குங்குமமும் ஒட்டின. சிவப்புப் பிடி ஒன்று நழுவிப் புல்லில் உருண்டு போனது, அவள் அதைத் தேடவில்லை. இலையை நாலாக மடித்தாள். கிளையிலிருந்த காக்கைகள் கத்தாமல் பறந்து போயின. காபியை யாரும் குடிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் டப்பா அவள் மடியில் இருந்தது. வீட்டில் பால்கனியில் வைத்தாள். வலைக்கு அந்தப் பக்கம் இரண்டு புறாக்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போயின.

வெங்கிக்கு ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. மூன்றாம் நாள் கஞ்சி குடித்தான், ஃபோனில் "அக்கா" என்றுகூடச் சொன்னான். நான்காம் நாள் விடியற்காலையில் போய்விட்டான். மூடுபனியில் விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். விமான நிலையத்து நாற்காலியில் கைப்பையை அணைத்துக்கொண்டு ராஜலக்ஷ்மி உட்கார்ந்திருந்தாள். வைத்தி பக்கத்தில் உட்கார்ந்து அறிவிப்புப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதைக் கண்டாலும் வாசிக்கிற பழக்கம் அப்போதும் போகவில்லை.

சோற்று உருண்டையால் ஒருவனுக்கு உயிர் நிற்கும் என்று வைத்தி நம்புகிறவரில்லை. ராஜலக்ஷ்மியும் அப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. இது அந்தக் கணக்கே இல்லை. அவள் கையில் இருந்தது ஒரே ஒரு காரியம், அதையும் அவர் பிடுங்கிப் போட்டுவிட்டார். ரூலுக்காக என்று சில நாள் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார், ஒட்டவில்லை. அது ரூல் இல்லை, வெறும் வீம்பு. நாலு முன்பின் தெரியாதவர்கள் முன்னால் ஜெயித்ததைத் தோற்க மனமில்லாத வீம்பு.

திருச்சியில் ஒரு நாள் மாதுரி, அழுது ஓய்ந்த குரலில், "கனு வெச்சேளா அக்கா?" என்று கேட்டாள். குற்றம் சாட்டிக் கேட்டதில்லை அது, சும்மா கேட்டதுதான். வைத்தி கதவோரம் நின்றிருந்தார். ராஜலக்ஷ்மி தரையைப் பார்த்தபடி, "வெச்சேன்டி. காக்காகூட வந்தது" என்றாள். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்காகச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா, மாதுரிக்காகவா, அவர் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கலாமென்று இரண்டு மூன்று தடவை வாயெடுத்தார். "ராஜி, அன்னிக்கு பார்க்ல..." என்று தொடங்கினால் போதும், "அதெல்லாம் எதுக்கு இப்போ, மாத்திரை போட்டுண்டேளா?" என்பாள். பிரியமாகத்தான் கேட்பாள். ஆனால் அந்த ஜனவரிக்குப் பிறகு "எனக்கு இது வேணும்" என்று அவள் அவரிடம் ஒன்றும் கேட்டதில்லை.

அடுத்த வருடமும் பொங்கல் வந்தது. பால் பொங்கியது, சூரியனுக்குக் கோலம் போட்டாள். மறுநாளுக்கு மஞ்சள் இலை வாங்கி வரட்டுமா என்று கேட்க வைத்திக்குத் தைரியம் இல்லை. யாருக்காக வைப்பாள்? விடிந்ததும் எழுந்து அடுக்களையில் வழக்கம்போல் டிகாக்‌ஷன் இறக்கினாள். அவர் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

பூங்கா அப்படியே இருந்தது. அதே மூடுபனி, அதே பலகை. வேப்ப மரத்தடிக்கு வந்து நின்றார். வந்து என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டு வரவில்லை, வரத் தோன்றியது, வந்துவிட்டார்.

"பலகை பாபுஜி!"

அதே மஃப்ளர். அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தபடி வந்தார். போன வருடத்துக் கோபமெல்லாம் அவருக்கு எப்போதோ போயிருந்தது. கையைக் குலுக்கிவிட்டு, கேட்ட முதல் கேள்வியே அதுதான். "அம்மாஜியின் தம்பி எப்படி இருக்கிறார்? ஆபரேஷன் நல்லபடியாக ஆயிற்றா?"

வைத்தி வாயைத் திறந்தார். இத்தனை வருடத்தில் ஒரு ஃபைலிலும் பொய் எழுதியதில்லை என்று பெருமை பேசுகிற மனிதர்.

"டீக் ஹை" என்றார். "நன்றாக இருக்கிறார்."

மஃப்ளர்காரர் மார்பில் கை வைத்து மேலே பார்த்தார். "எனக்குத் தெரியும் பாபுஜி. அன்றைக்கு ஒரு உருண்டை புல்லில் விழுந்து கிடந்தது, சிவப்பு. கூட்டித் தள்ளியிருக்க வேண்டும், ரூல் அதுதான். நான் விட்டுவிட்டேன். நீங்கள் போன கொஞ்ச நேரத்தில் ஒரு காக்கை வந்து தூக்கிக்கொண்டு போயிற்று, என் கண்ணால் பார்த்தேன். அம்மாஜியிடம் சொல்லுங்கள், போய்ச் சேர்ந்துவிட்டது என்று. அவசியம் சொல்லுங்கள்."

சொல்கிறேன் என்று தலையாட்டினார் வைத்தி. தூரத்தில் யாரோ ஒரு குடும்பம் புல்லில் பாய் விரித்துக்கொண்டிருந்தது. மஃப்ளர்காரரின் கை பழக்கத்தில் விசிலைத் தேடி எடுத்து வாய் வரை கொண்டுபோனது. பிறகு வைத்தியைப் பார்த்து, கொஞ்சம் வெட்கப்பட்டு, அதைக் கீழே விட்டுவிட்டு அந்தப் பக்கமாக நடந்தார்.

சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. ராஜிதான். "எங்க இருக்கேள்? காபி ஆறிண்டிருக்கு" என்றாள். "ராஜி..." என்றார். அந்தப் பக்கம் அவள் காத்திருந்தாள், குக்கர் சத்தம் கேட்டது. "இதோ வந்துண்டே இருக்கேன்" என்றார்.

ஃபோனை வைத்த பிறகும் அவர் நகரவில்லை. கிளையிலிருந்து ஒரு காக்கை இறங்கி, போன வருடம் இலை இருந்த இடத்துக்கு நடந்து வந்தது. புல்லைக் கொத்தியது. ஒன்றும் இல்லை. இரண்டடி தள்ளிப் போய், கழுத்தைச் சாய்த்து அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடியும் கொத்தியது.