பாதம் கழுவும் நேரத்தில் வாசிக்க

1

இந்தக் கதை ஒரு பழுப்பு உறையிலிருந்து வந்தது. கற்பனையிலிருந்து வந்தது என்று சொல்லத்தான் ஆசை. [நான் வாசிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் கதைகள் கப்பலிலோ பனிப்புயலிலோ வந்து சேரும்.] இது தேவானந்தம் அங்கிளின் சட்டைப்பையில் மாடிப்படி ஏறி வந்தது. கிழக்குத் தாம்பரத்தில் அவர் வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். உறையை என் மேசையில் கவிழ்த்தார். வெள்ளை மாத்திரைகள். பாதி பொடிந்திருந்தன.

“நீ எழுதற பொண்ணுதானே ஸஹானா? இத யூனிஸ்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரே ஒரு வாக்கியம் எழுதிக் குடும்மா. கணக்குன்னா நானே போட்டிருப்பேன்.”

ஒரு வாக்கியம்தான் கேட்டார். எனக்கு வரவில்லை. அதனால் கதை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘நதி தன் கரைகளை மறந்த அந்த ஆண்டில், காய்ச்சல் குதிரையேறி நகரத்துக்குள்’

அடித்துவிட்டேன். தாம்பரத்தில் ஏது குதிரை? கொசு உண்டு.

இரண்டாம் தொடக்கம்: யானைக்கால் நோய் எங்கெங்கே பரவுகிறது என்று நிறம் தீட்டிய வரைபடங்கள் இருக்கின்றன. பழைய படத்தில் நைல் நதிக்கரையும் இலங்கைக் கடற்கரையும் காவிரிக் கரையும் அடர்ந்த நிறத்தில் இருக்கும். புதிய படங்களில் ஒவ்வோர் இடமாக வெளுத்துக்கொண்டு வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால், இன்று இங்கே கொசு கடித்தால் என்ன ஆகும் என்பதை மட்டுமே படம் சொல்லும். என்றோ எங்கோ கடித்த கடியைப் பற்றி அதற்குத் தெரியாது. கொசு வழியே வந்த புழு உடம்புக்குள் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வாழும். அந்த உடம்போடு ரயிலேறும், வேறு ஊருக்குக் கல்யாணம் ஆகிப் போகும். பின்னால் விட்டுவந்த ஊர் வெளுத்துப்போன பிறகும் கால் வெளுக்காது.

3

அங்கிளின் மனைவி யூனிஸ் ஆன்ட்டியின் இடது கால், முழங்காலுக்குக் கீழே தூண் மாதிரி தடித்திருக்கும். பன்னிரண்டு வருடமாக. பிறந்து வளர்ந்தது கும்பகோணத்தில். “என் கால் மட்டும் கும்பகோணம், மத்ததெல்லாம் தாம்பரம்,” என்பார் புதிதாகப் பார்க்கிறவர்களிடம், கண்ணை எங்கே வைப்பது என்று அவர்கள் தவிப்பதற்கு முன்பே.

அங்கன்வாடியில் வேலை பார்த்தவர். வருடத்துக்கு ஒருமுறை இந்தத் தெருக்களில் வீடு வீடாகப் போய் யானைக்கால் தடுப்பு மாத்திரை கொடுத்தவர் அவர்தான். கண்ணெதிரே விழுங்கவைத்து, பிறகு விரலில் மை வைக்க வேண்டும். அடுத்த தெரு எல்லம்மா இன்னும் மறக்கவில்லை. “வாயத் தொற, நாக்கத் தூக்குன்னு ஒரே பேஜாரு பண்ணும் அந்தம்மா. போலீசு கூட அப்டி செக் பண்ணாது.”

4

தெரு முழுக்க நாக்கைத் தூக்கச் சொன்னவர், ஒரே ஒரு வீட்டில், தன் வீட்டில் மட்டும், முதலில் மையை வைத்துவிட்டு, மாத்திரையைத் தட்டோரத்தில் வைத்துவிட்டு ஓடினார். “சாப்ட்டுட்டுப் போட்டுக்கோங்க, எனக்கு நேரமாச்சு.”

முதல் வருடம் அங்கிள் போட்டுக்கொண்டார். வகுப்பில், கரும்பலகை பக்கத்திலேயே, வாந்தி. பையன்கள் அன்றே பெயர் வைத்துவிட்டார்கள்: வாந்தியானந்தம். அடுத்த வருடம் மாத்திரை தட்டோரத்திலிருந்து உறைக்குள் போனது. அதற்கடுத்த வருடமும். மை வைத்த விரலால் சாக்பீஸ் பிடித்தார்.

“ஏன் அங்கிள் தூக்கிப் போடல?”

“போட்டுட்டா பொய் சொன்னதா ஆயிடும். வச்சிருந்தா, அப்புறம் முழுங்கிக்கலாம்னு ஒரு இது.”

ஏழாம் வருடம் ஆன்ட்டியின் கால் வீங்கியது. அதன்பின் அங்கிளே கேட்டு வாங்கி விழுங்கினார். வாந்தி வரவேயில்லை.

[இந்தக் கதாபாத்திரத்தை நான் சந்தேகிக்கிறேன். குற்றமே செய்யாதவரோ? மாத்திரை விழுங்காதவர் ரத்தத்திலிருந்து கொசு நோயை வீட்டிலிருப்பவருக்குக் கொண்டுபோகலாம்; ஆனால் அவர் ரத்தத்தில் அந்தப் புழு இருந்ததா என்று யாரும் பார்த்ததில்லை. ஒரு கடியில் வருகிற நோயும் இல்லை இது. பல காலம், பல கடி வேண்டும். கும்பகோணத்தில் சிறுமியாக இருந்தபோதே ஆன்ட்டிக்கு வந்திருக்கலாம். எங்கே, எப்போது, யாரிடமிருந்து என்று சொல்ல முடியாது என்றுதான் டாக்டரும் சொன்னார். இதையெல்லாம் அங்கிளிடம் சொன்னேன். “எனக்கும் தெரியும்மா. நான் காரணமா இருக்க வாய்ப்பு பூஜ்யம்னு சொல்லு, போயிடறேன். சொல்ல முடியுமா?” முடியவில்லை.]

5

தினமும் காலை ஏழு மணிக்கு அந்தக் காலை அங்கிள் கழுவுகிறார். நீல பேசின், சோப்பு, பழைய வேட்டித் துணி. விரலிடுக்கு ஒவ்வொன்றாக ஒற்றியெடுப்பார்; ஈரம் நின்றால் புண், புண் வந்தால் காய்ச்சல். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று மகன் ஜெர்சன் சொன்னபோது வேண்டாம் என்றார். பெரிய வியாழன் ஆராதனையில், இயேசு சீடர்களின் பாதம் கழுவியதைப் பற்றிப் பேசிய போதகர், “நம்ம சபையிலயே ஒருத்தர் இத தினமும் செய்றார்,” என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். ஆன்ட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கோச்சுக்குவாளேன்னு பயமில்ல,” என்றார் அங்கிள் என்னிடம். “பன்னெண்டு வருஷம் கழுவினேனே, அது என்னவா மாறும்? பிரியம்னு நெனச்சுட்டிருக்கா. பிரியமும்தான். ஆனா…”

அந்த ‘ஆனா’வை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கினார். நானும் இட்டு நிரப்பப் போவதில்லை.

6

முடிவு அ: சொல்கிறார். ஆன்ட்டி காலைத் தண்ணீரிலிருந்து எடுத்து…

முடிவு ஆ: ஆன்ட்டிக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரியும். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. பிடித்திருப்பதாலேயே நம்ப முடியவில்லை.

முடிவு இ: யாருக்கும் தெரியாமல் மாத்திரைகளை நானே சாக்கடையில் கொட்டிவிடுகிறேன். [கொசு பிறக்கிற அதே சாக்கடையில்.]

7

போன வாரம் பக்கத்துப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் பிறந்த பிறகு நோய் இங்கே பரவியிருந்தால் ரத்தம் சொல்லிவிடும். இன்று காலை சேதி வந்தது. நான் கீழே போனபோது ஆன்ட்டி பேசினில் கால் வைத்தபடியே கத்தினார்.

“ஸஹானா! ஒரு புள்ளைக்குக்கூட இல்லையாம்! நம்ம ஏரியா க்ளீன்! சும்மாவா? ஒருத்தரக்கூட விடாம முழுங்க வச்சேனே. ஏங்க, ஒருத்தரக்கூட விட்டதில்லல்ல?”

அங்கிள் ஏற்கெனவே துடைத்த விரலிடுக்கை மறுபடி துடைத்தார்.

“சொல்லுங்களேன்.”

“இல்ல,” என்றார்.

ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார். “மேல உக்காந்து என்னவோ எழுதறியாமே. நாளைக்குக் காலைல கொண்டு வந்து படி. கால் கழுவற நேரம் எனக்கும் போகும், அவரும் கேட்ட மாதிரி இருக்கும்.”

ஆக, நாளை ஏழு மணி. கதை கேட்கும்போது ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். அங்கிளின் கைகள் தண்ணீருக்குள் இருக்கும். காதைப் பொத்திக்கொள்ள முடியாது. இரண்டிலிருந்து தொடங்கி, மூன்றை முடித்து, நேராகப் பள்ளிக்கூடச் சேதிக்கு வந்துவிட்டால் எல்லோரும் சிரிக்கலாம். ஒன்றிலிருந்து தொடங்கினால் அங்கிள் கேட்ட வாக்கியத்தை நான் சொல்லியதாகிவிடும். உறையைக் கொடுத்தாரே தவிர, எடுத்துக்கொண்டு போகவில்லை; அது இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது.

தாள்களை இன்னும் பின் போடவில்லை. முழுக் கதையும் உங்கள் கையில் மட்டுமே இருக்கிறது. நான் அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிடுகிறவள்; சாப்பிடாதவர் நீங்கள் ஒருவர்தான். ஒன்றிலிருந்தா, இரண்டிலிருந்தா?

கீழே யாரோ நீல பேசினை அலசிச் சுவரில் சாய்த்து வைக்கிற சத்தம் கேட்கிறது.